நிலத்தை விற்று சீட் வாங்காதீர்கள், பையன் நாடகம் படிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன் குணச்சித்திர நடிகனாக வேண்டும் என்கிறான். அரை ஏக்கரை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் மைத்துனர். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த சீட்டை வாங்கவே வாங்காதீர்கள். கணக்கில் தட்டுத்தடுமாறி பாஸ் செய்தவனை அங்கே தள்ளினால் அரியரும் கடனும்தான் மிஞ்சும்.

அவன் ஹீரோ வேஷம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குணச்சித்திர நடிகர் டெல்லி கணேஷையே பாருங்கள். நெல்லைப் பக்கம் வல்லநாட்டுக்காரர். 1964 முதல் பத்தாண்டுகள் விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகினார். சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் மேடையேறினார். கே. பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்புறம் 2024-ல் மறையும்வரை 400-க்கும் மேற்பட்ட படங்கள். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் அந்த நெல்லைச் சீமைக்காரர் பேசும் பாலக்காட்டுத் தமிழை மகனோடு உட்கார்ந்து கேளுங்கள். அந்த நாக்கு மேடையில் பழகியது.

விஸ்காம், ஃபிலிம் இன்ஸ்டிடியூட் எல்லாம் நீங்களே விசாரித்திருப்பீர்கள். யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி நடக்கிறது. அதைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. அங்கே நாடகத்தில் இரண்டாண்டு முதுகலை படிக்கலாம். மத்திய பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் நீங்கள் பயப்படும் அளவில் இருக்காது. நடிப்போடு நெறியாள்கை (இயக்கம்), மேடை அமைப்பு, ஒளியமைப்பு எல்லாம் கையால் செய்து பழகுவான். நடிக்க வாய்ப்பு இல்லாத மாதங்களில் இந்த வேலைகள் சோறு போடும். பள்ளிகளில் நாடகம் கற்றுக்கொடுக்கவும் போகலாம்.

அதற்கு முதலில் ஒரு பட்டம் வேண்டும். பக்கத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேருங்கள். அந்த மூன்று வருடமும் ஏதாவது ஒரு நாடகக் குழுவில் அவன் இருக்க வேண்டும். ஒத்திகைக்கு நாற்காலி தூக்கினாலும் சரி. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் குரல் போவதெல்லாம் அங்கேதான் வரும். நடிக்கும் ஒவ்வொரு நாடகத்தின் அழைப்பிதழையும் புகைப்படத்தையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். 1959-ல் தொடங்கிய டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்க பட்டத்தோடு நாடக அனுபவமும் கேட்பார்கள். தேர்வானவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகையே தருகிறார்கள். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு புரிய வேண்டும், அதை இப்போதே ஆரம்பிக்கட்டும். வயது வரம்பும் தேதியும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும்.

பண விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு சில வாரங்களில் நடிகனாக்குகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். வேஷத்துக்குப் பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். வேலை செய்தவனுக்குச் சம்பளம் தருவதுதான் முறை. வருமானம் நிலைக்கப் பல வருடம் ஆகலாம், அதையும் மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டும் அவன் நாடகம்தான் என்றால், தடுக்காதீர்கள்.

சீட்டுக்கு முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம். மைத்துனர் சம்மதிக்கவில்லை என்றால் அவரையும் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.