பரணில் இருக்கும் படங்கள்

கேள்வி: புது வீட்டு ஹாலில் சோபாவுக்குப் பின்னால் பத்தடிச் சுவர் வெறுமையாக இருக்கிறது. உள்அலங்காரம் செய்தவர், சோபாவின் சாம்பல் நிறத்தோடு ஒத்துப்போகும் நவீன ஓவியம் ஒன்று போதும் என்கிறார். என் அண்ணன், ஓடும் ஏழு குதிரைகள் படம் மாட்டினால் செல்வம் சேரும் என்கிறார். பெரிய தஞ்சாவூர் ஓவியம் வாங்கலாமா என்று மனைவி கேட்கிறார். ஓவிய ஆசிரியராக இருந்த என் அப்பா வரைந்த ஏழெட்டு நீர்வண்ணப் படங்கள் பரணில் இருக்கின்றன. சிறியவை, ஹாலுக்கு எடுபடாது. வருகிறவர்கள் பாராட்டும்படி எதை, எந்த உயரத்தில் மாட்டலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: வருகிறவர்கள் மாதத்துக்கு எத்தனை முறை வருவார்கள்? காபி குடிக்கும் நேரத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "நன்றாக இருக்கிறதே, என்ன விலை?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவா இத்தனை ஆலோசனை? மற்ற நாளெல்லாம் அந்தச் சுவரைப் பார்க்கப்போவது நீங்கள்தான்.

சோபாவின் நிறம் பற்றிச் சொன்னாரே, அவரிடம் ஒன்று கேளுங்கள். ஆறேழு வருடத்தில் சோபாவுக்கு உறை மாற்றும்போது ஓவியத்தையும் மாற்றித் தருவாரா? குதிரைகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் படத்தால் செல்வம் சேர்ந்தவர் அதை அச்சடித்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து மேடாக்கி, கற்கள் பதித்து, 22 காரட் தங்கத் தாள் ஒட்டிச் செய்வது. விலை மலிவாகச் சொன்னால் தாளில் தங்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அது பூஜையறையின் அரையிருட்டில், எண்ணெய் விளக்கின் அசைவில் மின்னுவதற்காகப் பிறந்த கலை. எல்இடி வெளிச்சத்தில், தொலைக்காட்சிக்கு எதிரே வைத்தால் நகைக்கடை விளம்பரம்போல ஆகிவிடும். வாங்குங்கள், பூஜையறைக்கு வாங்குங்கள்.

இப்போது பரணுக்கு வருவோம். கடிதம் முழுவதிலும் உருப்படியான செய்தி அது ஒன்றுதான். அதைத்தான் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சிறியவை என்றால் என்ன? ஒரே பெரிய படம்தான் பெரிய சுவரை நிரப்பும் என்று யார் சொன்னது? ஐந்தாறு படங்களை ஒரே மாதிரிச் சட்டத்தில் போட்டு, இடையில் மூன்று விரற்கடை இடம் விட்டு நெருக்கமாக மாட்டினால் அவை சேர்ந்து ஒரே படமாக நிற்கும். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அந்தக் கூட்டம் பிடித்தால் போதும். பத்தடியையும் நிரப்ப வேண்டியதில்லை. சுவர் கொஞ்சம் மூச்சு விடட்டும்.

முதலில் படங்களை இறக்கிப் பாருங்கள். ராமபாணப் பூச்சி அரித்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்துவிடாதீர்கள், வண்ணம் கரைந்து வந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். கண்ணாடி தாளில் ஒட்டாதபடி சுற்றிலும் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சுவரில் மாலை வெயில் விழுகிறதா? விழுந்தால் வேறு சுவர் பாருங்கள். நீர்வண்ணம் வெயிலில் வெளுத்தால் திரும்ப வராது.

உயரம் கேட்டீர்கள். நம் வீடுகளில் படங்கள் ஏறக்குறைய விட்டத்தைத் தொடும். பழைய வீடுகளில் அதற்குக் காரணம் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சுப் படங்களை மேலே வரிசையாக, முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள்; தரையில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்தால் சாமி முகம் நேராகத் தெரியும். நாம் உயரத்தை வைத்துக்கொண்டு சாய்வை விட்டுவிட்டோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். அருங்காட்சியகங்களில் பரவலாக உள்ள வழக்கம் அது. சோபாவுக்கு மேலே என்றால், கூட்டத்தின் கீழ் விளிம்புக்கும் சோபா முதுகுக்கும் இடையே ஒரு சாண் போதும்.

துளை போடுவதற்கு முன் செய்தித்தாளைப் படங்களின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள். சுவிட்சுப் பெட்டிக்கு நேர்மேலே டிரில் வைக்காதீர்கள், உள்ளே மின்கம்பி ஓடும். (எங்கள் வீட்டில் ஒரு மாலை முழுவதும் இருட்டில் உட்கார்ந்து நான் கற்ற பாடம்.) ஒரு படத்துக்கு இரண்டு கொக்கி போட்டால் கோணாமல் நிற்கும்.

இதற்குப் பிறகும் விலை கொடுத்து ஒன்று வாங்கத் தோன்றினால் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் வேலைகளைப் பாருங்கள். சென்னைக்கு வரும்போது, கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போங்கள். எந்தப் படத்தின் முன்னால் கால் தானாக நிற்கிறதோ அதன் விலையைக் கேளுங்கள்.

அதெல்லாம் பிறகு. படங்களைப் பிரேம் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். ஓவிய ஆசிரியர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் ஊரும் தேதியும் குறித்து வைப்பதுண்டு. கடைக்காரர் அட்டை ஒட்டி மறைத்துவிடுவார்.