கியர் பாக்ஸை இறக்கும் முன்: பழைய கார் கேள்வி பதில்

கேள்வி: 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். இன்ஜின் ஓடும்போது கியர் போட்டால் கரகரவென்கிறது, ரிவர்ஸில் காது கூசுகிறது. காரையாரிலிருந்து பாபநாசம் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தேர்டு கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ‘பாக்ஸ் போச்சு, இறக்கணும்’ என்கிறார் மெக்கானிக். இறக்கத்தான் வேண்டுமா?
— வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். சேர்த்துச் சொன்னதால்தான் பழி முழுக்க பாக்ஸ் மேல் விழுந்திருக்கிறது.

முதலில் கரகரப்பு. இன்ஜினை அணைத்துவிட்டு நான்கு கியரையும் ரிவர்ஸையும் போட்டுப் பாருங்கள். பல் பொருந்தாமல் நின்றால் வண்டியைக் கையால் லேசாக ஆட்டிக்கொடுங்கள். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கும் செலக்டரும் நன்றாக இருக்கின்றன. அடுத்து இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து வரை எண்ணிய பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ (கியர் சேருமுன் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் அது பொய் சொல்லாது. எண்ணிய பிறகும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். ஐந்து எண்ணியபின் சத்தமில்லாமல் விழுந்து, ஓடும்போது செகண்டு, தேர்டுக்கு மாற்றுகையில் மட்டும் கரகரத்தால் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் கியரைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஹெரால்டில் அதற்கு சின்க்ரோ வைத்தே செய்யவில்லை. வண்டி நின்ற பிறகு போடுவதுதான் முறை.

உங்கள் கடிதப்படி கிளட்ச் மேல்தான் சந்தேகம். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே, ஆயில் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைப் பார்க்கட்டும். அரை அங்குலமாவது நகர வேண்டும். நகரவில்லையென்றால் உடனே ஏர் எடுக்க (பைப்பிலுள்ள காற்றை வெளியேற்ற) கிளம்பிவிடாமல், பெடலும் அது அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் ராடும் சேருமிடத்தில் உள்ள பின்னைக் கழற்றி நகத்தால் தடவுங்கள். நடுவில் பள்ளம் தட்டுப்படும். ராடின் துளையும் வட்டம் போய் முட்டை வடிவமாகியிருக்கும். அங்கே வீணாகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பிஸ்டனுக்குப் போகாத மில்லிமீட்டர். புதுப் பின் போட்டு, துளையை லேத் பட்டறையில் அடைத்துத் திரும்பத் துளைத்தாலே பல ஹெரால்டுகளில் கரகரப்பு நின்றுவிடும்.

பிறகு ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உள்ளே வாஷர் கசிகிறது. மாற்றிவிட்டு ஏர் எடுங்கள். ஊற்றுவது பிரேக் ஆயிலாக மட்டுமே இருக்கட்டும். கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதி, மிதித்த பெடல் மேலே வராது.

ராடு சரியாக நகர்ந்தும் கரகரத்தால், கிராங்கின் நுனியிலுள்ள பித்தளைப் புஷ் கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், இல்லை கிளட்ச் பிளேட் கெட்டிருக்கலாம். அப்போது இறக்கத்தான் வேண்டும். ஹெரால்டில் ‘இறக்க’ என்பதைவிட ‘தூக்க’ என்பதே சரி. முன் சீட்டுகளையும் நடுவிலுள்ள டனல் மூடியையும் எடுத்துவிட்டால் பாக்ஸ் காருக்குள்ளேயே வந்துவிடும். கழற்றுமுன் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். பாக்ஸ் போனால் இன்ஜினுக்குப் பின்பக்கத் தாங்கல் இருக்காது. இறக்கும்போதும் ஏற்றும்போதும் பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட்டின் நடு வளைந்து, பழைய கரகரப்பு புதுச் செலவோடு திரும்பி வரும்.

இனி தேர்டு நழுவுவது. சமதரையில் தேர்டில் ஓட்டி, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுங்கள். லீவர் முன்னும் பின்னும் துள்ளினால் பாக்ஸைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் செத்துவிட்டது. முதலில் அதை மாற்றுங்கள். லீவர் ஆடாமல் இருந்து திடீரென்று நழுவினால் டாப் கவரைக் கழற்றுங்கள். இதற்கு பாக்ஸை எடுக்க வேண்டாம், டனல் மூடியை எடுத்தால் போதும். செலக்டர் ராடைப் பிடித்து நிறுத்தும் சின்ன ஸ்பிரிங்குகள் கவரில்தான் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாக நிற்பதுதான் குற்றவாளி. ஸ்பிரிங் மாற்றியும் நழுவினால் தேர்டு கியரின் பிடிப்பற்களோ, மெயின் ஷாஃப்டின் திரஸ்ட் வாஷரோ தேய்ந்திருக்கிறது. அதற்குப் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும். அதுவரை லீவரைக் கையால் அழுத்திப் பிடித்து ஓட்டாதீர்கள். நன்றாக இருக்கும் ஃபோர்க்கும் தேய்ந்துபோகும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பழைய அம்பாசடர் காரின் உள்தரை வரை தண்ணீரில் நின்றது. இன்ஜின் வேலையை இப்போதுதான் முடித்தோம். அணைத்திருக்கும்போது கியர் விழுகிறது, ஸ்டார்ட் செய்தால் விழவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: கிளட்ச் பிளேட் துருவேறி, இன்ஜினோடு சுற்றும் ஃப்ளை வீலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதைத் தொடுமுன் பாக்ஸ் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது. பின் ஆக்ஸிலிலுள்ள டிஃப்ரன்ஷியலையும் வடித்துப் பாருங்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தட்டில் தங்கத் தூள் மின்னினால் சின்க்ரோ ரிங்கின் பித்தளை. கொஞ்சம் இருப்பது சகஜம். காந்தத்தில் சாம்பல் நிறப் பசையாக ஒட்டுவதும் சகஜமே. மீன் செதில் போலத் தகடு தகடாக ஒட்டினால் பேரிங்கோ பல்லோ உரிகிறது.

புது ஆயில் ஊற்றியபின் பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பாதீர்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. டாப் கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் சூடேற விடுங்கள். பிறகு கிளட்சை முழுக்க மிதித்தபடி பிரேக்கை அழுத்தினால், பெரும்பாலும் ‘டக்’ என்று பிளேட் விடுபடும். விடுபடாவிட்டால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே குச்சி கொடுத்து ராத்திரி முழுக்க அழுத்தி வைத்து மறுநாள் முயலுங்கள். சூட்டோடு ஆயிலை மறுபடி வடியுங்கள். வெண்மை போகும்வரை இப்படி மாற்ற வேண்டியிருக்கும்.

ஓட ஆரம்பித்ததும் சத்தத்தைக் கேளுங்கள். நியூட்ரலில் இரைந்து, கிளட்சை மிதித்தால் அடங்குவது இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் சுற்றும் துணை ஷாஃப்ட்). மிதித்தால் கிளம்புவது கிளட்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங். முதல் மூன்று கியரிலும் இரைந்து டாப்பில் மட்டும் குறைந்தால் லே ஷாஃப்ட்தான், ஏனென்றால் டாப்பில் அதன் மேல் பாரம் வராது. இத்தனை நாள் தண்ணீர் நின்ற பாக்ஸ் என்பதால், சத்தமே இல்லாவிட்டாலும் ஒருமுறை திறந்து பேரிங்குகளைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பத்மினியில் ஸ்டீயரிங்கை ஒட்டியுள்ள ஹேண்ட் கியர் நடுரோட்டில் சிக்கிக்கொள்கிறது.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பாக்ஸ் அல்ல, லீவரைப் பாக்ஸோடு இணைக்கும் ராடுகளான லிங்க்கேஜ். ஒருவர் லீவரை ஆட்ட, மற்றவர் பானெட்டைத் திறந்து ராடுகளைப் பின்தொடரட்டும். ஒரு முனை அசைந்து மறுமுனை அசையாத மூட்டில்தான் புஷ் தேய்ந்திருக்கிறது.

கேள்வி: கியர் பாக்ஸுக்கு 90 ஆயிலா, 140 ஆயிலா? கடையில் 140தான் சத்தத்தை அடக்கும் என்கிறார்கள்.
— வாசகர், தென்காசி

பதில்: அடக்கும், நோயை மறைக்கவும் செய்யும். கெட்டி ஆயிலில் காலைக் குளிருக்கு சின்க்ரோ மந்தமாகி கியர் விழத் தாமதமாகும். ஹெரால்டு போன்ற பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரத்தில் 80டபிள்யூ-90 போதும். ஜிஎல்-5ஐ டிஃப்ரன்ஷியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளையை அரிக்கும். ஹெரால்டு பாக்ஸ் சுமார் 0.85 லிட்டர் பிடிக்கும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கவாட்டு பிளக்கிலிருந்து ஆயில் சொட்டத் தொடங்கும்வரை ஊற்றி, சொட்டுவது நின்றபின் பிளக்கை முறுக்குங்கள்.