கிக்கும் பேஸும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

என்னிடம் ஒரு டிரம் மெஷின், தாழ்ந்த சுரங்களை வாசிக்க ஒரு அனலாக் பேஸ் சிந்த், நாலு சேனல் மிக்சர் இருக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாமல் கையால் வாசிப்பதுதான் பிடித்திருக்கிறது. வீட்டில் பத்தடிக்குப் பத்தடி அறையில், ஐந்து அங்குல ஸ்பீக்கரில் நன்றாகத்தான் கேட்கிறது. போன மாதம் நண்பன் கல்யாணத்தில், கடற்கரைப் பந்தலில் பெரிய பெட்டிகளில் போட்டேன். கிக் என்னும் கனமான டிரம் அடியும் பேஸும் கலந்து ஒரே முழக்கமாகிவிட்டது. சவுண்ட் சர்வீஸ்காரர் பேஸைக் குறைக்கச் சொன்னார். குறைத்தால் சப்பென்று ஆகிவிட்டது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரசர் வாங்கினால் சரியாகுமா?

பெயர் வேண்டாம், மண்டபம்

அன்புள்ள தம்பி,

கம்ப்ரசர் இப்போதைக்கு வேண்டாம். கோளாறு சத்தத்தின் அளவில் இல்லை, நீளத்தில் இருக்கிறது. கிக் எவ்வளவு நேரம் ஒலிக்கிறது, பேஸ் எப்போது வந்து எப்போது போகிறது என்பதைச் சரி செய்யாமல் வேறு எதைத் தொட்டாலும் பயன் இல்லை.

முதலில் அந்த அறை. பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி நின்று அதிரும். சுவரோரம் பெருத்துக் கேட்கும், அறையின் நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கிக்கின் அடி ஒலி இருப்பதும் பெரும்பாலும் 45 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள்தான். நடுவில் உட்கார்ந்து கேட்டிருந்தால், போதவில்லையே என்று டிகேயை, அதாவது ஒலி அடங்க எடுக்கும் நேரத்தை, ஏற்றிக்கொண்டே போயிருப்பீர்கள். கடற்கரையில் சுவர் கிடையாது, பெட்டியும் பெரியது. நீங்கள் நீட்டி வைத்த கிக்கின் வால் முழுசாக வெளியே வந்துவிட்டது. நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஒருமுறை கேளுங்கள், தெரியும்.

இப்போது கிக்கைத் தனியாக எடுப்போம். 125 பிபிஎம் (நிமிடத்துக்கு 125 தாளம்) வேகத்தில் ஒரு ஸ்டெப், அதாவது தாளத்தின் கால் பங்கு, 120 மில்லிசெகண்ட். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட் எடுக்கும். ஆக ஒரு ஸ்டெப்புக்குள் ஆறே சுற்று. கனம் தெரிய அதுவும் இன்னும் கொஞ்சமும் போதும். பேஸை மியூட் செய்து, டிகேயை அடிவரை குறைத்து, 'டக்' என்ற நிலையிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 'டும்' என்று ஆனதும் நிறுத்துங்கள். 'டூம்' என்று கேட்டால் தாண்டிவிட்டீர்கள். அப்புறம் பிட்ச் என்வலப், அதாவது அடியின் சுருதி மேலிருந்து கீழே விழும் விதம். 250, 300 ஹெர்ட்ஸிலிருந்து 30, 40 மில்லிசெகண்டுக்குள் கீழே விழுந்தால் அடி இறுகும். மெதுவாக விழுந்தால் டாம் டிரம் மாதிரி ஆகிவிடும். அடியின் முனை தெளிவாக இருந்தால் சின்னப் பெட்டியிலும் கிக் தெரியும், லெவலை ஏற்ற வேண்டியதில்லை.

பேஸுக்கு வருவோம். நையாண்டி மேளத்தில் உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து இழுப்பதைக் கேட்டிருப்பீர்கள். நான் கேட்ட நல்ல செட்டுகளில் தவிலின் கனமான அடிக்கு வழிவிட்டுத்தான் அந்த இழுப்பு எழும்பும். அதைத்தான் ஸ்டெப்புகளில் செய்ய வேண்டும். பதினாறு ஸ்டெப்பில் கிக் 1, 5, 9, 13இல் விழுகிறது என்றால் அந்த நாலிலும் பேஸை எடுத்துவிடுங்கள். 3, 7, 11, 15இல் வைத்து, அடுத்த கிக் வருவதற்குள் முடிகிற மாதிரி டிகேயைச் சுருக்குங்கள்.

அனலாக் சிந்த் என்பதால் இது இன்னும் முக்கியம். பெரும்பாலும் அதன் ஆசிலேட்டர் (ஒலி அலையை உண்டாக்கும் பகுதி) தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நோட் ஒவ்வொரு முறையும் அலையின் வேறொரு இடத்தில் தொடங்கும். கிக்கோடு சேரும்போது ஒருமுறை கூடும், இன்னொரு முறை ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரு அடி கனமாகவும் அடுத்தது காலியாகவும் கேட்பது இதனால்தான். கம்ப்யூட்டரில் பதிந்திருந்தால் அலையை நகர்த்திச் சரி செய்யலாம். நேரடியாக வாசிக்கிற நமக்கு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடாமல் இருப்பதுதான் நல்ல வழி.

அடித்தளம், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி, யாருக்கு என்பதையும் முடிவு செய்யுங்கள். ரோலண்டின் டிரம் மெஷின் டிஆர்-808, 1980இல் வந்தது. அதன் கிக்கின் வாலை நீட்டினால் அதுவே பேஸ் ஆகிவிடும், ஹிப்ஹாப்பில் அப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். அதே கம்பெனியின் பேஸ் சிந்த் டிபி-303இல் ஒரே ஆசிலேட்டர்தான். அதன் உயிர், ஒலியின் மேல்பகுதியை வெட்டும் ஃபில்டர் திறந்து மூடுவதில் இருக்கிறது, அதனால் இறுக்கமான கிக்கோடு மோதாது. உங்களிடம் கிக், பேஸ் இரண்டுமே அந்த அடித்தளத்தில் கிடக்கின்றன என்று நினைக்கிறேன். கிக் 50 ஹெர்ட்ஸிலும் பேஸ் 55 ஹெர்ட்ஸிலும் சேர்ந்து நீண்டால், சத்தம் நொடிக்கு ஐந்து முறை ஏறி இறங்கும். பந்தலில் கேட்ட முழக்கத்தில் இதற்கும் பங்கு இருக்கும். பேஸை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே ஏற்றுங்கள், கிக்கைப் பாட்டின் சுருதிக்கு டியூன் செய்யுங்கள்.

மண்டபம் கடலோர ஊர் என்பதால் இன்னொன்று. உப்புக் காற்றில் ஜாக்கும் குமிழ்களும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். கிக் திடீரென்று மெலிந்தால், சத்தத்தில் கை வைக்கும் முன் கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பாருங்கள். வாசிக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் போட்டு மூடி வையுங்கள்.

இதற்குப் பிறகும் பேஸ் நோட்டுகள் கிக்கின் மேலேயே விழுந்தாக வேண்டிய பாட்டு என்றால், அப்போது கம்ப்ரசர் வாங்கலாம். சைட்செயின் இன்புட் உள்ளதாகப் பாருங்கள்; கிக் விழும்போது மட்டும் பேஸைத் தணிக்க அது உதவும். கிக்கை மட்டும் அதற்குள் அனுப்ப டிரம் மெஷினில் கிக்குக்குத் தனி அவுட்டும், மிக்சரில் ஆக்ஸ் சென்டும் (ஒரு சேனலின் ஒலியை வேறு கருவிக்கும் அனுப்பும் வழி) வேண்டும். நாலு சேனல் மிக்சர்கள் சிலவற்றில் ஆக்ஸ் இருக்காது, பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அன்புடன்,
அண்ணன்