மனச்சோர்வு மாத்திரை இதயத் தழும்பைக் குறைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் அதிகம், டாக்டர். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெட்டின் சாப்பிடுகிறார். அது இதயத் தழும்பையும் குறைக்குமாமே, அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது எலிகளில் கண்டது. செரட்டோனின் என்பது உடலில் சுரக்கும் ஒரு ரசாயனம்; அது நுரையீரல் ரத்தக்குழாய்ச் சுவரைத் தடிக்க வைக்கும். அது செல்லுக்குள் நுழையும் வழியை இந்த மருந்து அடைக்கிறது. மோனோகுரோட்டலின் என்ற தாவர நச்சைக் கொடுத்து இந்த நோய் வரவழைத்த எலிகளில் தடிப்பு குறைந்தது. அப்படிக் குறைந்தால், நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் வலது இதயத்தின் பாரமும் குறையும். தழும்பு விழக் காரணமே அந்தப் பாரம்தான். மனிதர்களில் இது நிரூபணமாகவில்லை.

அதற்காக மாத்திரையை நிறுத்தியும் விடாதீர்கள். இந்த நோயாளிகளுக்கு மனச்சோர்வு அடிக்கடி வரும், அதைக் கவனித்தே ஆக வேண்டும். அப்புறம், அம்மா ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறாரா? இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். இதய மருத்துவரிடம் எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள்.