எங்க தெருவுக்கு மட்டும் ஏன் விசா வரமாட்டேங்குது அக்கா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் ஒரு காலனி எங்களுது. ஒன்பதாவதோட நின்னுட்டேன், கம்பி கட்டுற வேலை பார்க்குறேன். ஊர்த்தெருவுல வீட்டுக்கு ஒருத்தர் சவுதி, சிங்கப்பூர்னு இருக்காங்க, எங்க தெருவுல ஒருத்தர்கூட போகல. ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறான், விசிட் விசாவுல சவுதி போய் அங்க மாத்திக்கலாமாம். அம்மா வட்டிக்கு வாங்கித் தரேங்குறாங்க. போகலாமா அக்கா?

பதில்: தம்பி, விசிட் விசா பேச்சை இன்னியோட விட்டுடுங்க. அதுல போனா நாளைக்கு சம்பளம் தரலைன்னாலும் கேக்குறதுக்குக் கையில ஒரு பேப்பர் இருக்காது.

உங்க தெருவுல யாரும் போகாததுக்கு தைரியம் இல்லாததா காரணம்? ஊர்த்தெருவுல மொதல்ல போனவரு மச்சானுக்கு விசா எடுப்பாரு, மச்சான் சித்தப்பா பையனுக்கு எடுப்பாரு, செலவுக்கு நிலப் பட்டாவை வெச்சா பேங்க்லயே கடன் கிடைச்சிரும், சொந்தம்னாலே சாதிக்குள்ளதான, அதனால அந்த விசா உங்க தெருப்பக்கம் திரும்புறதே இல்ல. பட்டா இல்லாதவன் மூணு வட்டி அஞ்சு வட்டிக்கு வாங்கிட்டுப் போய் வட்டிக்கே உழைக்கிறான். இத்தனைக்கும் வெள்ளைக்காரன் காலத்துல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி மலேயா தோட்டத்துக்குப் போனதுல பண்ணையாளா இருந்த தலித் ஜனங்க ஏராளம், ஆளு போயிட்டா வயலுக்கு யாருன்னு தஞ்சாவூர் மிராசுதாருங்க பொலம்பினாங்க. அப்பவும் பலர், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துட்டுப் போற கங்காணி குடுத்த முன்பணக் கடனோடதான் போனாங்க, அது வேற கதை.

உங்க விஷயத்துக்கு வரேன். பத்தாவது பாஸ் பண்ணலைன்னா பொதுவா ஈசிஆர் பாஸ்போர்ட்தான் குடுப்பாங்க, அதாவது சில நாட்டுக்கு வேலைக்குப் போக அரசாங்க அனுமதி வேணும்னு குறிச்ச பாஸ்போர்ட், சவுதி, குவைத் மாதிரி நாட்டுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ்ங்கற அந்த அனுமதியை வாங்கணும். எல்லாரும் இதைத் தொல்லைங்கறாங்க, எனக்கென்னவோ உங்களுக்கு இது நல்லதுன்னுதான் தோணுது, ஏன்னா சம்பளம் போட்ட கான்ட்ராக்ட் காட்டணும், பத்து லட்ச ரூபாய் இன்சூரன்ஸும் எடுக்கணும். இதுக்குப் பயந்துதான் உங்க ஏஜென்ட் விசிட் விசாங்கறான்.

லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லைசென்ஸ் நம்பரை மத்திய அரசோட இ-மைக்ரேட் சைட்ல போட்டுப் பாருங்க, ரசீது இல்லாம பத்து பைசா குடுக்காதீங்க. சென்னையில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978லேருந்து இருக்கு, அங்க ஸ்டீல் ஃபிக்ஸர்னு பதிஞ்சு வைங்க, கம்பி கட்டுறதுக்கு அங்க அதான் பேரு.

கூடவே தனித்தேர்வரா பத்தாவது எழுதிடுங்க. பாஸ் பண்ணிட்டா ஈசிஆரை எடுத்துடலாம். அதுக்காக விசா எடுத்துத் தர மச்சான் மொளைச்சிட மாட்டாரு, ஆனா அடுத்த ஏஜென்ட் உங்களை ஏமாளின்னு நினைக்க மாட்டான்.

இந்த ஏஜென்ட்கிட்ட பாஸ்போர்ட் குடுத்து வெச்சிருந்தா நாளைக்கே போய் வாங்கிடுங்க, தனியா போகாதீங்க.