லைக் விழலைன்னா போட்டோவையே தூக்கிடுறா!

கே: பத்தாவது படிக்கும் மகள் இன்ஸ்டாகிராமில் போட்டோ போட்டு, அரை மணி நேரத்தில் அழித்துவிடுகிறாள். கேட்டால், "லைக் வரலை." இது நோயா டாக்டர்? (ஒரு தாய், ஈரோடு)

ப: நோய் இல்லை, வயசு. யார் லைக் போட்டார்கள், யார் பார்த்துவிட்டும் போடாமல் போனார்கள் என்று பேர் பேராகக் கணக்குப் பார்க்கிறாள். 2016இல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில் ஓர் ஆய்வு. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே இஷ்டத்துக்குப் போட்டிருந்தார்கள். ஒரே படம்தான், லைக் அதிகம் என்று காட்டினால் பிள்ளைகளும் லைக் போட்டார்கள், குறைவு என்றால் தாண்டிப் போனார்கள். தங்கள் படத்துக்கு லைக் குவிந்ததைப் பார்த்தபோது, பரிசு கிடைத்தால் கிளர்ந்தெழும் மூளைப் பகுதி சுறுசுறுப்பானது. எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் உண்டு. ஆனால் போட்டவர் பட்டியல் அவளுக்குத் தெரியும் என்பதால் அது அரை மருந்துதான். "அந்தப் போட்டோவை யார் பார்க்கணும்னு நினைச்சே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வரும். பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கே: பிளஸ் ஒன் படிக்கும் மகன் தனியாகப் போனால் பைக்கை நிதானமாக ஓட்டுகிறான். பின்னால் நண்பன் ஏறினால் பறக்கிறான். (சேலம்)

ப: 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கம்ப்யூட்டர் கார் விளையாட்டு வைத்து இதைத்தான் சோதித்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நின்றதும் 13 முதல் 16 வயதினர் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அது இருக்கட்டும். கியர் பைக் லைசென்ஸுக்கு 18 ஆகணும். பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. சாவியை யார் கொடுத்தது?

கே: எந்த வயதில் சோஷியல் மீடியா?

ப: இன்ஸ்டாகிராம் 13 என்கிறது, ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 ஆக்கிவிட்டது. எந்த வயதானாலும் ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். உங்களுடையதும்தான்.

கே: என்னை மட்டும் விட்டுட்டு ஃப்ரெண்ட்ஸ் புது வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுட்டாங்க மேடம். தூக்கமே வரலை. அம்மாகிட்ட சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க. (9ஆம் வகுப்பு மாணவி)

ப: வலிக்கத்தான் செய்யும்மா. என்னிடம் வரும் பல பிள்ளைகள் வாயைத் திறக்காததற்குக் காரணமும் அந்தப் பயம்தான். அந்தக் கூட்டத்தில் உன்னிடம் கொஞ்சமாவது பிரியமாக இருப்பவள் ஒருத்தி இருப்பாள். லஞ்ச் பெல் அடித்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்; மெசேஜ் வேண்டாம். ராத்திரி மனசு தாங்கலைன்னா 14416க்குக் கூப்பிடு; டெலி மனஸ், அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம் போகும்போது முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: "போனைப் பிடுங்க மாட்டேன்னு சொல்லு, ஒண்ணு சொல்றேன்."