தற்காலிக கேப்பின் ஓரத்தில் அழுக்கு படிந்துகொண்டே இருக்கிறதே, என்ன செய்வது?

நிரந்தர கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) வரும்வரை போட்டிருக்கும் தற்காலிக கேப்பில் ஈறை ஒட்டி மஞ்சளாகப் படிகிறது, ஃப்ளாஸ் (பல்லிடுக்கைத் துடைக்கும் நூல்) விட்டால் ரத்தம் வருகிறது, கேப் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் அந்தப் பல்லைத் துலக்குவதையே விட்டுவிட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். மென்மையான பிரஷ்ஷால் துலக்கி கேப் கழல்வதில்லை. பபிள்கம், டாஃபி மாதிரி ஒட்டுகிறவையும், ஃப்ளாஸை மேல்நோக்கிப் பிடுங்குவதும்தான் அதைக் கழற்றுகின்றன. துலக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாளிலேயே கிருமிப் படலம் தடிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் ஈறு வீங்கிவிடும்.

நிரந்தர கேப்பைவிடத் தற்காலிகத்தில் அழுக்கு அதிகம் படியக் காரணம் பொருள்தான். பெரும்பாலும் அது அக்ரிலிக் அல்லது பிஸ்-அக்ரில் என்ற ரெசின், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். அக்ரிலிக் பவுடரையும் திரவத்தையும் கலக்கும்போது காற்றுக் குமிழ்கள் சிக்கி, பரப்பில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. பரப்பின் சொரசொரப்பு சுமார் 0.2 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினால் கிருமிகள் தங்குவது கூடிக்கொண்டே போகும்; சரியாகப் பாலிஷ் செய்யாத ரெசின் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். பிஸ்-அக்ரிலில் இன்னொன்று: காற்றுப் பட்ட மேல்பரப்பு முழுதாக இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும். அதை ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு பாலிஷ் போட வேண்டும். அவசரத்தில் விட்டுப்போனால் கறையும் அழுக்கும் அங்கேதான் ஏறும்.

ஆனால் என்னைக் கேட்டால் மேல்பரப்பைவிட ஓரம்தான் முக்கியம். கேப்பின் விளிம்பு பல்லைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் தவறு, பல்லை எட்டாமல் இடைவெளி விட்டாலும் தவறு. ஈறுக்கடியில் கேப்பை ஒட்டிய சிமென்ட்டின் துணுக்கு மிச்சமிருந்தாலும் இதே கதைதான். இதில் எதுவானாலும் எவ்வளவு துலக்கினாலும் தீராது. வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம்: ஃப்ளாஸ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் சிக்கினாலோ நூல் நூலாகப் பிரிந்தாலோ, கோளாறு கேப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரிடம் போய் அந்த இடத்தைக் குறிப்பிட்டே சொல்லுங்கள். அவர் கேப்பைக் கழற்றி, விளிம்பைச் சீவியோ ரெசின் சேர்த்தோ சரிசெய்து, கரகரப்பான டிஸ்க்கிலிருந்து நைஸான டிஸ்க் வரை படிப்படியாகத் தேய்த்து, ஈரப் பியூமிஸிலும் (மெருகேற்றும் கல்தூள்) பாலிஷ் பேஸ்ட்டிலும் முடிப்பார். வேகத்தைக் குறைத்து ஈரம் காயாமல் செய்ய வேண்டும். சூடானால் அக்ரிலிக் இளகி இழுபடும். பாலிஷ் சக்கரம் விளிம்பின் மேலேயே ஏறினால் விளிம்பு உருண்டு தேய்ந்து, மறுபடி இடைவெளி விழும். ஒளியில் இறுகும் கிளேஸ் என்ற மெல்லிய பளபளப்புப் பூச்சைப் பூசினால் மிச்சக் குழிகளும் மூடிக்கொள்ளும்.

வீட்டில் செய்ய வேண்டியது: பிரஷ்ஷின் நார்கள் பாதி கேப்பிலும் பாதி ஈறோரத்திலும் படும்படி 45 டிகிரி சாய்த்து, அழுத்தாமல் சின்னச் சின்ன அசைவாகத் துலக்குங்கள். நாக்குப் பக்கத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள், அழுக்கு அங்கேதான் பழையதாகி நிற்கும். சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். கரித்தூள் கலந்தது, வெண்மையாக்குவது, கரகரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். ரெசின் மென்மையானது, கீறல் விழும், அந்தக் கீறலில் மறுபடி அழுக்கு ஏறும்.

ஃப்ளாஸை இரவில் ஒருமுறை மெதுவாக இறக்கி, கேப்பை அணைத்தபடி மேலும் கீழுமாகத் துடையுங்கள். பக்கத்துப் பல்லின் பக்கத்தையும் துடைக்க வேண்டும். முடித்ததும் ஒரு நுனியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவி எடுங்கள். இடைவெளி இருந்தால் பல்லிடை பிரஷ் இன்னும் நல்லது. திணிக்காமல் நுழையும் அளவு, கம்பியில் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். இரண்டு மூன்று கேப்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தால் மேலிருந்து ஃப்ளாஸ் இறங்காது. விறைப்பான நுனியுள்ள ஃப்ளாஸை அடியில் நுழைத்து இழுக்க வேண்டும்.

ஈறு வீங்கியிருக்கும்போது மருத்துவர் சொன்னால் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மௌத்வாஷ் உதவும். 0.2 சதவீதமானால் 10 மில்லி, 0.12 ஆனால் 15 மில்லி, தினம் இருமுறை. கொப்பளிக்கும் நேரம் பாட்டிலில் இருக்கும். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுப்பதால் துலக்கி அரை மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள். இது புதுப் படலம் வளர்வதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே ஒட்டியதைக் கழற்றாது. ரெசினில் பழுப்புக் கறையும் பிடிக்கும். முன்பல்லானால் கொப்பளிக்காமல் பல்லிடை பிரஷ்ஷில் தொட்டு ஓரத்தில் மட்டும் தடவலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கான கேப்புக்கு இத்தனை பாடு எதற்கு என்று தோன்றலாம். ரத்தம் கசியும் ஈறில் நிரந்தர கேப்புக்கு அளவெடுத்தால் விளிம்பு தெளிவாகப் பதியாது, நிரந்தர கேப்பை ஒட்டும் நாளில் கசிவு இருந்தால் பிடிப்பும் குறையும். வீக்கம் வடிந்ததும் ஈறு கீழிறங்கி முன்பல்லில் கேப்பின் கோடு வெளியே தெரியும்.

ஒழுங்காகச் சுத்தம் செய்தால் ஒரு வாரத்தில் ரத்தம் தெளிவாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கேப் லேசாக ஆடினாலோ, அடியிலிருந்து கெட்ட சுவை வந்தாலோ, குளிர்ச்சியும் இனிப்பும் திடீரென்று கூசினாலோ சிமென்ட் கரைந்திருக்கக்கூடும். அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். கழன்று கையில் வந்தால் கழுவிப் பத்திரமாக எடுத்துப் போங்கள், கடையில் விற்கும் பசையைப் போட்டு மட்டும் ஒட்டாதீர்கள்.